விசா யாருடையது?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரன் விளம்பரங்களைப் படிக்கும் வழக்கமுள்ள நேயர்களுக்கு ‘எச்-1பி’ என்ற பெயர் புதிதல்ல. நக்ஷத்திரம், கோத்திரம், சம்பளம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு யோக்கியதாம்சமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான், எச்-1பி வைத்திருக்கிறான். நிலம் வைத்திருக்கிறான், வீடு வைத்திருக்கிறான் என்று சொல்வது போலவே இதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று விசாரிக்காமல் நம்மில் எவரும் சம்பந்தம் பேசுவதில்லை. இந்த விசாவின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று விசாரிப்பவர்கள் மிகச் சொற்பம்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் முத்திரைத்தாள் என்னவோ பிள்ளையுடையதுதான். ஆனால் அதற்கு ஆதாரமாக ஒரு மனு இருக்கிறது. அந்த மனுவில் மனுதாரர் என்ற இடத்தில் காணப்படுவது அவனுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் பெயர். அனுகூலம் அடைபவர் என்ற இடத்திலேதான் அவன் பெயர் வருகிறது. மனுப் போட்டவர் அதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? கம்பெனியும் எப்பொழுது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால், அந்தத் தேசத்தில் அவன் தங்கியிருப்பதற்கு உள்ள காரணமே போய்விடுகிறது.

கடல் கடந்து வரும் நிபுணனை ஒரு முதலாளி பொறுப்பேற்று வரவழைப்பது என்கிற இந்த ஏற்பாடு இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வெவ்வேறு பெயர்களில் உண்டு. தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் அதிகமாகப் பேசப்படுவது அமெரிக்க ஏற்பாடு ஆகையால், அதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அது நடக்கும் விதம். கம்பெனியானது அமெரிக்கத் தொழில் இலாகாவுக்கு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் தன் சிப்பந்திகளுக்குத் தான் கொடுக்கும் சம்பளம், அந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலுக்கு வழங்கும் சம்பளம், இவ்விரண்டில் எது அதிகமோ அதைக் கொடுப்பதாக. வேலை ஸ்தலத்தில் வேலை நிறுத்தமோ கதவடைப்போ இல்லையென்பதாக. மற்றத் தொழிலாளிகளின் நிலைமைக்கு இதனால் கெடுதல் நேராது என்பதாக. அப்புறம் குடியேற்ற இலாகாவுக்கு மனு. வேலை, ஒரு குறிப்பிட்ட துறையில் பட்டம் பெற்றவரே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அனுமதி மூன்று வருஷம். பிறகு இன்னும் மூன்று வருஷம். ஆக ஆறு. சர்வகலாசாலைகளுக்கு வரம்பில்லை. மற்றக் கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு 65,000 பேர். அமெரிக்காவிலேயே மேற்பட்டம் பெற்றவர்களுக்கு மேற்கொண்டு 20,000. அதற்கு மேல் பேர் கொடுத்தால் குலுக்கல் சீட்டுத்தான்.

2023-ம் வருஷம் வசந்த காலத்தில் நடந்த குலுக்கலுக்கு 7,80,000-க்கும் அதிகமான பதிவுகள் வந்தன. இத்தனை நிபுணர்களா என்று மலைக்க வேண்டாம். ஒரே ஆளுக்காகப் பல கம்பெனிகள் பேர் கொடுத்ததால் எண்ணிக்கை அப்படி உப்பிப் போயிற்று. மறு வருஷம், எத்தனை கம்பெனி பேர் கொடுத்தாலும் ஆள் ஒன்றுக்குச் சீட்டு ஒன்றுதான் என்று விதியை மாற்றினார்கள். பதிவுகள் சுமார் 4,80,000-க்கு இறங்கின.

சம்பள விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘வட்டாரத்தில் வழங்கும் சம்பளம்’ என்பதை நான்கு படிகளாக வகுத்திருந்தார்கள். ஒரு தொழிலைச் செய்யும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், கீழேயிருந்து 17-வது ஆள் வாங்குவது முதற்படி. 34-வது ஆள் வாங்குவது இரண்டாம் படி. வாஷிங்டனிலுள்ள பொருளாதாரக் கொள்கை நிலையம் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2019-ல் அங்கீகாரம் பெற்ற எச்-1பி வேலைகளில் நூற்றுக்கு 60 இந்த இரண்டு படிகளிலேயே அடங்கிவிட்டன. விசேஷ ஞானமுள்ளவர், உள்ளூரில் கிடைக்காதவர் என்று சொல்லித்தான் ஆளைத் தருவிக்கிறார்கள். சம்பளம் மாத்திரம் நடுத்தர ஆள் வாங்குவதற்கும் கீழே. எங்கள் பள்ளிக்கூடக் கணக்கில் 34 என்பது ஒரு மார்க்கில் தவறிப்போனவனுடைய எண். அதை விசேஷம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

இப்படி நடப்பதற்குக் காரணம் அமெரிக்க முதலாளிகள் கொடியவர்கள் என்பதல்ல. பேரம் பேசும் சக்தி ஒரு பக்கத்தில் குறைந்திருக்கும்போது விலை அந்தப் பக்கம் சாய்வது சந்தை இயல்பு. இதை அமெரிக்கர்களே ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்றைக்கு எது கட்டாயமோ, அது அன்றைக்கு அவர்கள் தேசத்தில் குற்றமாக இருந்தது!

லிங்கன் காலமும் பாதிரியார் வழக்கும்

உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1864-ம் வருஷம். வாலிபர்கள் போர்க்களத்தில் இருந்தார்கள். ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து வருகிறவன் தன் கப்பல் கட்டணத்துக்கு ஈடாகப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வரையில் எழுதிக் கொடுக்கலாம், அந்த ஒப்பந்தம் கோர்ட்டில் செல்லும் என்று ஒரு சட்டம் பிறந்தது. அடிமைத்தனத்தை ஒழித்த அதே ஆபிரகாம் லிங்கன்தான் அதில் கையெழுத்திட்டார். நான்கு வருஷத்துக்குள், 1868-ல், அது ரத்தாயிற்று.

சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை நிறுத்தம் ஏற்பட்டால், முதலாளிகள் கடலுக்கு அப்பாலிருந்து ஒப்பந்த ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்து இறங்கியவனுக்குப் பாஷை தெரியாது; ஊர்ச் சம்பளம் தெரியாது; கப்பல் கடன் கழுத்தில் இருந்தது. அவன் எப்படிப் பேரம் பேசுவான்? தொழிலாளர் சங்கங்கள் கிளர்ச்சி செய்தன. அவற்றில் முக்கியமானது ‘உழைப்பின் வீரர்கள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பெரிய சங்கம். அதன் பயனாக, ஒஹையோ மாகாணத்துப் பிரதிநிதி மார்ட்டின் போரன் என்பவர் கொண்டுவந்த மசோதா 1885-ல் சட்டமாயிற்று. வேலை தருவதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு வெளிநாட்டானை வரவழைக்கவே கூடாது. மீறினால் ஆள் ஒன்றுக்கு 1,000 டாலர் தண்டம். சுயேச்சையாக வருகிறவனைத் தடுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல; கட்டிக்கொண்டு வரப்படுகிறவனைத் தடுப்பதே நோக்கம்.

விதிவிலக்குகள் இருந்தன. நாடகக்காரர்கள், பாடகர்கள், பிரசங்கிகள், சொந்த வீட்டு வேலைக்காரர்கள் வரலாம். அமெரிக்காவில் இன்னும் ஏற்படாத ஒரு புதிய கைத்தொழிலுக்கு வேண்டிய தேர்ச்சி பெற்ற தொழிலாளி, உள்ளூரில் கிடைக்காத பக்ஷத்தில், வரலாம். இன்றைய எச்-1பி விதிகளின் விதை இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருப்பதை நேயர்கள் கவனிக்கலாம்.

அந்த விதிவிலக்கு ஜாபிதாவில் பாதிரிமாரைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். நியூயார்க் நகரத்திலிருந்த பரிசுத்த திரித்துவ ஆலயத்தார் 1887-ல் இங்கிலாந்திலிருந்து வால்போல் வாரன் என்ற பாதிரியாரைச் சம்பளம் பேசி வரவழைத்தார்கள். சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. கீழ்க் கோர்ட்டு சட்டத்தின் எழுத்தைப் பார்த்து, ஆலயம் குற்றவாளியே என்றது! வேலை என்றால் எந்த வேலையும்தானே? ஐந்து வருஷம் கழித்து, 1892-ல், சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதி டேவிட் புரூவர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: காங்கிரஸ் தடுக்க நினைத்தது மலிவான கூலி ஆட்கள் திரளாகக் கொண்டுவரப்படுவதையே, அறிவினால் ஊழியம் செய்பவரை அல்ல. சட்டத்தின் எழுத்தைவிட அதன் கருத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கை அமெரிக்க வக்கீல்கள் இன்னமும் எடுத்துக்காட்டுவதுண்டு. நமக்கு வேண்டியது வேறு. கையால் உழைப்பவன் வேறு, மூளையால் உழைப்பவன் வேறு; முன்னவனைக் கட்டிக் கொண்டுவந்தால் ஆபத்து, பின்னவனை அழைத்து வந்தால் லாபம் என்ற எண்ணம் அன்றைக்கு உறுதிப்பட்டது. மூளையால் உழைப்பவனையும் கட்டிப்போடலாம் என்பது அப்பொழுது யாருக்கும் தோன்றவில்லை.

கதவு திறந்த கதை

இவை யாவும் ஐரோப்பியருக்கு. நம்மவர்களுக்கோ 1917-ம் வருஷத்துச் சட்டத்தினால் கதவே அடைபட்டிருந்தது. 1923-ல் பகத்சிங் திந்த் என்பவருடைய வழக்கில், இந்தியர் அமெரிக்கப் பிரஜை ஆகமுடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நமது சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் படித்த வான சாஸ்திரி சுப்ரமண்யன் சந்திரசேகர் 1937-ல் சிகாகோ சர்வகலாசாலையில் உத்தியோகம் ஏற்றபோதும் அந்த நிலைமைதான். பின்னால் நோபல் பரிசு பெறப்போகிற மனிதரை வேலைக்கு வைத்துக்கொள்ள அந்தத் தேசத்தாரால் முடிந்தது. பிரஜையாக ஏற்க அவர்கள் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1946-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம், வருஷத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம், பிரஜையும் ஆகலாம் என்றது. நாற்பது கோடி ஜனங்களுக்கு நூறு பேர்! சந்திரசேகர் 1953-ல் பிரஜையானார்.

1952-ல், ட்ரூமன் மறுத்தும் கேளாமல், காங்கிரஸ் ஒரு புதிய குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1885-ம் வருஷத்துத் தடை அதில் மறைந்தது. முதலாளி மனுப் போட்டு வெளிநாட்டு நிபுணனை வரவழைப்பது முறையான வழியாயிற்று. ‘எச்’ என்ற எழுத்தும் அப்பொழுது பிறந்ததே. 1965-ல் ஜனாதிபதி ஜான்ஸன், சுதந்திர தேவியின் சிலையடியில் அமர்ந்து கையெழுத்திட்ட சட்டம், தேசவாரியான பழைய பாரபட்சத்தை நீக்கியது. 1990 நவம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டந்தான் எச்-1பி என்ற தனி வகையையும் 65,000 என்ற வரம்பையும் உண்டாக்கிற்று.

அப்புறம் 2000-ம் வருஷம் நெருங்கிற்று. கம்ப்யூட்டர்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்ததால், நூற்றாண்டு மாறும் இரவில் எல்லாம் குழம்பிவிடும் என்ற பயம் உலகத்தைப் பிடித்தது. பழைய கணக்குகளைத் திருத்த ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஆள் இருந்தது. வரம்பு 1,15,000 ஆயிற்று. பிறகு மூன்று வருஷம் 1,95,000. 2004-ல் பழையபடி 65,000-க்குச் சுருங்கியது. ஆனால் பாதை விழுந்துவிட்டது. 2024-ம் நிதி வருஷத்தில், புதுப்பித்தவையும் சேர்த்து, அங்கீகரிக்கப்பட்ட எச்-1பி மனுக்களில் நூற்றுக்கு 71 இந்தியாவில் பிறந்தவர்களுக்காக.

அறுபது நாள்

இனி அந்த முடிச்சு எங்கே இறுகுகிறது என்று பார்ப்போம்.

வேலை போய்விட்டால் உள்ளூர்க்காரன் வேறு வேலை தேடுகிறான். எச்-1பி ஆளுக்கு வேலை போனால் அறுபது நாள் தவணை. அதற்குள் வேறொரு கம்பெனி அவனுக்காக மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேறு வகை அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். இந்த அறுபது நாள்கூட 2017-ம் வருஷம் ஜனவரியில் அமுலுக்கு வந்த விதியினால் கிடைத்த தயவு. அதற்கு முன்னால் அதுவும் இல்லை. 2022 நவம்பரில் ‘மெட்டா’ கம்பெனி ஒரே நாளில் 11,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே மாதத்தில் வேறு பெரிய கம்பெனிகளும் ஆட்குறைப்புச் செய்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் வெளியே வந்து, எல்லாரும் ஒரே அறுபது நாளுக்குள், ஆள் எடுப்பதை நிறுத்திவிட்ட கம்பெனிகளின் கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்! வாங்கிய வீட்டுக்குக் கடன் தவணை, நடு வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்கும் குழந்தை, இவற்றுக்கு மத்தியில் நாள்காட்டியைக் கிழிப்பவனிடம் ‘சம்பளம் கூடக் கேள்’ என்று யார் உபதேசம் செய்ய முடியும்?

என்னிடம் படித்து இப்பொழுது அங்கே உத்தியோகத்திலிருக்கும் சிலர் ஊருக்கு வரும்போது சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேலதிகாரியுடன் வாக்குவாதம் கிடையாது. பதவி உயர்வு தாமதமானால் கேட்பதில்லை. தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் புறப்படுவதற்கு முன்னால் யோசனை. ஏனென்றால் பாஸ்போர்ட் முத்திரை காலாவதியாகியிருந்தால், சென்னை ஜெமினி மேம்பாலத்தண்டை இருக்கும் அமெரிக்கத் தூதராலயத்தில் பேட்டி முடிந்து புது முத்திரை வாங்கிய பிறகே திரும்ப முடியும். இது வீண் பயமல்ல. 2025 டிசம்பரில், மனுதாரர்கள் சமூக வலைத்தளங்களில் எழுதியவற்றையும் ஆராய வேண்டும் என்ற புது உத்தரவினால் இந்தியாவிலிருந்த தூதராலயங்களில் பேட்டிகள் பல மாதங்களுக்கு ஒத்திப்போடப்பட்டன. விடுமுறைக்கு வந்தவர்கள் இங்கே, வேலை அங்கே என்று ஆயிற்று.

நல்ல கம்பெனிகளில் சங்கடம் இவ்வளவோடு நின்றுவிடும். இடைத்தரகர்களாக இருக்கும் சிறு கம்பெனிகளின் கதை வேறு. தானாக ஒரு வேலையும் இல்லாமல், ஆளை வரவழைத்து மற்றக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவதே சிலருடைய தொழில். இடம் கிடைக்காத மாதங்களில் ஆளை ‘பெஞ்சில்’ உட்கார வைத்து, சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள். இது சட்ட விரோதம். வேலை கொடுக்காவிட்டாலும் சம்பளம் கொடுத்தே தீரவேண்டும் என்று 1998-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் யார்மேல் புகார் செய்வது? தன் மனுவைக் கையில் வைத்திருப்பவன் மேலா?

அமெரிக்கத் தொழிலாளியின் வயிற்றெரிச்சலையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2014 அக்டோபரில் ப்ளாரிடாவிலுள்ள டிஸ்னி கேளிக்கை நிலையங்களின் கம்ப்யூட்டர்ப் பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை போகப்போவதாக அறிவிப்பு வந்தது. அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு வரும் இந்தியக் கம்பெனி ஆட்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி ஆயிற்று. நாற்பது, ஐம்பது வயதில் ஒரு மனிதன் தன் நாற்காலியைத் தானே துடைத்து இன்னொருவனுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதென்றால் கோபம் வராதா? அந்தக் கோபம், எதிரே நின்ற இந்தியப் பையன்மேல் திரும்பிற்று. ஆனால் அவனைவிட இவன் மலிவாகவும் அடக்கமாகவும் இருந்ததற்குக் காரணம் இவன் பிறப்பல்ல. இவனை ஒரே கம்பத்தில் கட்டியிருக்கும் கயிறு. கட்டப்பட்டவனைக் காட்டிக் கட்டப்படாதவனுடைய சம்பளத்தையும் குறைக்கலாம் என்பதைத்தான் 1885-ல் போரன் சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள்.

இந்தக் கயிறு தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. கூலியின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவனை விடுவிக்கத் தயார் என்று தோட்டத்து துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டில்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல் சட்டத்தினால் அதை ஒழித்தார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வருஷத்துக்கு லட்சம் டாலர் வாங்குகிறவனைத் தேயிலைக் கூலியோடு ஒப்பிடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பசியும் பிரம்படியும் பட்ட ஜனங்களின் கஷ்டம் வேறு. இவன் கஷ்டம் வேறு. ‘உன்னை விடுவதாக நான் எழுதித் தரவேண்டும்’ என்கிற அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருவருக்கும் பொது.

முடிவில்லாத வரிசை

ஆறு வருஷந்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் பச்சை அட்டை வந்துவிடாதா என்று கேட்கலாம். அங்கேதான் பெரிய சங்கடம். நிரந்தர வாசத்துக்குரிய பச்சை அட்டைக்கும் பெரும்பாலும் கம்பெனியே மனுப் போட வேண்டும். வேலை சம்பந்தமாக வருஷத்துக்குக் கொடுப்பது சுமார் 1,40,000 அட்டை. மனைவி மக்களும் இந்தக் கணக்கிலேயே சேர்த்தி. எந்த ஒரு தேசத்துக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் ஏழு; இந்தியாவுக்கும் ஏழு. மற்றத் தேசத்தார் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சியதில் கொஞ்சம் நமக்கு வரும். 2025-ம் வருஷக் கடைசியில், மேற்பட்டம் பெற்ற இந்தியர்களின் வரிசையில் முறை வந்திருந்தது 2013-ம் வருஷத்தில் இடம்பிடித்தவர்களுக்கு. கேட்டோ என்ற அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023-ல் போட்ட கணக்கின்படி வரிசையில் நின்ற இந்தியர் பத்து லட்சத்துக்கும் அதிகம்.

வரிசையில் நிற்கும் வரையில் எச்-1பியை ஆறு வருஷத்துக்கு மேலும் நீட்டிக்கொண்டே போகலாம் என்று 2000-ம் வருஷத்துச் சட்டம் அனுமதித்தது. உபகாரந்தான். ஆனால் தற்காலிகம் என்று பெயர் வைத்த கட்டு இருபது வருஷக் கட்டாக மாறியதும் அதனால்தான். இடையில் குழந்தைக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டால், அது பெற்றோரின் அனுமதியிலிருந்து கழன்று விழுகிறது. மூன்று வயதில் கூட்டிப்போன குழந்தை, தமிழைவிட இங்கிலீஷில் நன்றாகப் பேசுகிற குழந்தை, கலாசாலையில் அந்நியதேசத்து மாணவனாகப் பேர் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால், தான் அறியாத சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும்.

கயிற்றைத் தளர்த்தவே இல்லை என்று சொல்ல முடியாது. புதிய கம்பெனி மனுப் போட்டவுடனேயே அங்கே வேலைக்குப் போகலாம் என்று 2000-ல் வழி செய்தார்கள். பச்சை அட்டை வரிசையில் முன்னேறியவர்களின் மனைவியோ கணவனோ வேலை செய்யலாம் என்று 2015-ல் அனுமதித்தார்கள். எஞ்ஜினீயரிங் படித்துவிட்டு அந்நிய நாட்டில் அடுப்படியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த நம் பெண்கள் பலருக்கு அது மறுவாழ்வாயிற்று. வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதியைக் கத்தார் தேசமே 2020-ல் எடுத்துவிட்டது. கனடாவோ, 1967 முதல், படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, பாஷைக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, முதலாளியின் தயவில்லாமலே ஆளுக்கு நிரந்தர வாசம் தரும் முறையை வைத்திருக்கிறது. 2023 ஜூலையில், அமெரிக்க எச்-1பி வைத்திருப்பவர்கள் பதினாயிரம் பேருக்கு, எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய அனுமதி தருவதாகக் கனடா அறிவித்தது. 16-ந் தேதி கதவைத் திறந்தார்கள். 17-ந் தேதி பதினாயிரமும் தீர்ந்துபோயிற்று. சம்பளம் கனடாவில் குறைவு, குளிர் அதிகம் என்று தெரியாதவர்களா அவர்கள்?

அமெரிக்காவில் காற்று வேறு திசையில் அடிக்கிறது. 2025 செப்டம்பர் 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை, ஜனாதிபதி ட்ரம்ப் வெளியிட்ட பிரகடனம், புதிதாக வெளியிலிருந்து தருவிக்கும் எச்-1பி ஆளுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது. முதலில் பன்னிரண்டு மாத காலத்துக்கு. ஏற்கனவே இருப்பவர்களுக்கு இது இல்லை என்ற விளக்கம் மறுநாள் வரும்வரையில், ஊருக்குப் புறப்பட்டவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதாகவும், இங்கே வந்திருந்தவர்கள் கிடைத்த விலைக்கு டிக்கட் வாங்கித் திரும்பியதாகவும் செய்திகள் வந்தன. அந்த டிசம்பரில் வெளியான இன்னொரு விதி, குலுக்கலில் மேற்படிச் சம்பளக்காரருக்கு அதிகச் சீட்டுக் கொடுக்கிறது. இந்தப் பின்னது ஒருவாறு நியாயமே. 17-வது ஆளின் சம்பளத்துக்கு நிபுணனை வாங்கும் வழக்கத்தை அது தடுக்கக்கூடும். முன்னது அப்படியல்ல. ஒரு ஆளுக்கு லட்சம் டாலர் கட்டிய முதலாளி அவனைச் சுலபமாக வெளியே விடுவானா? விலை ஏற ஏறக் கயிறு தடிக்குமே தவிர அறுந்து போகாது. ஆளைப் பரீக்ஷித்து, அவன் தகுதியானவன் என்றால் அனுமதியை அவன் பேரிலேயே கொடுத்துவிட்டால், முதலாளிக்கும் ஆள் கிடைக்கும். உள்ளூர்த் தொழிலாளிக்கும் மலிவுப் போட்டி இராது. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டியவர்கள் வாஷிங்டனில் இருக்கிறார்கள். நாம் இங்கே இருக்கிறோம்.

நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையோ பெண்ணோ கையெழுத்திடும் முன் காகிதத்தைப் படிப்பது. மனுவுக்காகக் கம்பெனி சர்க்காருக்குக் கட்டும் பயிற்சிக் கட்டணம், கம்பெனியின் அளவைப் பொறுத்து 750 அல்லது 1,500 டாலர். அதைச் சிப்பந்தியிடமிருந்து வசூலிப்பது குற்றம். மனுவை எழுதும் வக்கீலின் கூலியும் கம்பெனியைச் சேர்ந்த செலவே. ‘செலவுக்கு நீங்கள் கொஞ்சம் அனுப்புங்கள்’ என்று கேட்கிற கம்பெனி எப்படிப்பட்டது என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தவணைக்கு முன் விலகினால் அபராதம் என்று எழுதி வாங்குவதற்கும் அந்தச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தவணை முடியுமுன் கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால், ஊர் திரும்பும் பிரயாணச் செலவை அதுதான் ஏற்க வேண்டும். சம்பளம் பாக்கி இருந்தால், பன்னிரண்டு மாதத்துக்குள் தொழில் இலாகாவில் புகார் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொழில் இலாகாவுக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், நான்கில் எந்தப் படி என்பது முழுவதும் அதில் இருக்கும். வேலையில் சேரும் நாளுக்குள் அதைச் சிப்பந்தி கையில் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. எந்தக் கம்பெனி எந்த வேலைக்கு என்ன சம்பளம் எழுதியிருக்கிறது என்பதைத் தொழில் இலாகாவே ஜாபிதாவாக வெளியிடுகிறது. சென்னையிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்தபடியே எவரும் அதைப் பார்க்கலாம்.